சந்தனத்தில் நான் கலந்தது

என் மகளுக்கு வியாதி தெரிந்த முதல் காலையில், அவளுக்கு அழகு வந்துவிட்டது என்று நினைத்து நான் சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

அது தை மாதம். ஜெகதாவுக்கு அப்போது பதினெட்டு வயது. கிணற்றடியில் முகம் கழுவிவிட்டு வந்து நின்றாள். எப்போதும் ஒட்டி எலும்பு தெரியும் கன்னம் அன்றைக்கு நிரம்பிப் பளபளவென்று இருந்தது. கண்ணுக்குக் கீழேயும் கொஞ்சம் உப்பியிருந்தது.

"இன்னாடி, முகம் பூரிச்சிகினு கீது" என்றேன்.

"கண்ணத் தெறக்க முடியலம்மா. பாரமா கீது" என்றாள்.

பூரித்தது என் கண்ணில் பட்டது. பாரம் என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். அழகாக எழுத வராது. இப்படி ஒரு வியாதி வீட்டுக்குள் வந்திருப்பவர்கள், வராமல் பார்த்துக்கொள்ள நினைப்பவர்கள், இரண்டு பேருக்கும் பயன்படட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன். என் மேல் உள்ள தப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அதை விட்டால் இதில் ஒன்றுமில்லை.

என்னைக் கட்டிக்கொடுத்தது என் நிறத்துக்காக. எங்கள் வீட்டில் ஐந்து பெண்கள், நான் ஒருத்திதான் சிவப்பு. திருத்தணி மலையடிவாரத்தில் பூக்கடை வைத்து, தினமும் விடியற்காலையில் கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் வீட்டில், "அந்தச் செவத்த பொண்ணக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வந்த இடத்திலும் "பூக்காரர் வீட்டுச் செவத்தம்மா" என்றுதான் பெயர். நிறம்தான் நான் என்று நானும் நினைத்துவிட்டேன்.

ஜெகதா பிறந்ததும் மருத்துவச்சி குழந்தையைத் தூக்கிக் காட்டி, "அப்பன் ஜாடை, அப்பன் நெறம். உன்னுது ஒண்ணுமே இல்லம்மா" என்று சிரித்தாள். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து தேய்த்தேன். பயத்தம் மாவு, பாலாடை, கஸ்தூரி மஞ்சள், ஆரஞ்சுத் தோல். வெயிலில் விளையாடவிட மாட்டேன். பள்ளிக்கூடத்துக்குக் குடையோடு அனுப்புவேன். மழையில்லாத ஊரில் குடை பிடித்துப் போகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அவளுக்கு அவள் நைனாவோடு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) மாலைக்கூடை தூக்கிக்கொண்டு மலையேறப் பிடிக்கும். "பொழுது ஏறுறதுக்குள்ள எறங்கி வந்துடணும்" என்று சொல்லித்தான் விடுவேன்.

பன்னிரண்டு வயதில் ஒருநாள், நான் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"நான் கறுப்புன்னு உனக்கு என்னப் பாக்கவே புடிக்கலயாம்மா?"

"உன் நல்லதுக்குத்தான்டி செய்றேன்" என்றேன். அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை.

முதல் தடவை பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய், பெண் நிறம் போதாது என்று சொல்லியனுப்பினார்கள். ஜெகதா நன்றாகத்தான் சாப்பிட்டுத் தூங்கினாள். நான்தான் இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். அந்த வாரம் எங்கள் தெருவுக்கு வந்த வளையல்காரி ஒரு வெள்ளைக் களிம்பு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"ரசம் போட்ட களிம்பு. மூணு மாசம் பூசு. உன் பொண்ண உனக்கே அடையாளம் தெரியாது" என்றாள்.

பூசிய இரண்டாம் நாளே ஜெகதா டப்பாவைத் தள்ளிவிட்டாள். "எரியுது. வேணும்னா நீ பூசிக்க" என்றாள். அடித்தாலும் கேட்கிற பெண் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் மலைமேல் சாமிக்குச் சாத்திய சந்தனத்தைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் அதை நெற்றியில் இட்டுக்கொள்வதில்லை. தண்ணீரில் கரைத்துக் குடிப்போம், அது மருந்து. மாலை கொண்டுபோகிற வீடு என்பதால் எங்களுக்கு ஒரு உருண்டை எப்போதும் கிடைக்கும். நான் அதைக் குழைத்து, அதற்குள் களிம்பைக் கலந்தேன். "குருக்கள் உனக்கு மட்டும் முகத்துல பூசச் சொன்னாரு. கல்யாணத் தடை போவும்னாரு" என்றேன்.

குருக்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் மறுக்கவில்லை. காலையும் மாலையும் என் முன்னால் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, "முருகா, முருகா" என்று முணுமுணுப்பாள். நான் பூசுவேன். லேசாக எரிந்தாலும் பொறுத்துக்கொண்டாள். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று. ஐந்தாவது மாதம்தான் நான் முதலில் சொன்ன தை மாதம்.

முகம் நிரம்பியதும் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு தறிக்காரர் குடும்பம் பார்க்க வந்தது. பையனின் அத்தை ஜெகதாவின் மோவாயைத் தொட்டுத் தூக்கி, "நெறம் வெளுப்புதான். கன்னம் ரெண்டும் எண்ணெயில போட்ட பூரி கணக்கா கீதே" என்றாள். அங்கேயே சம்மதம் சொன்னார்கள். நமஸ்காரம் பண்ணக் குனிந்த ஜெகதா எழுந்திருக்க முடியாமல் தரையில் கையை ஊன்றினாள். எல்லோரும் வெட்கம் என்று நினைத்தோம். அவள் நைனா ஒருவர்தான் எழுந்து போய்க் கை கொடுத்தார்.

வந்தவர்கள் போனதும், "அவ காலப் பாத்தியா நீ?" என்று என்னைக் கேட்டார்.

பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். கணுக்கால் என்று ஒன்று இல்லை. மேலும் கீழும் ஒரே பருமன்.

உள்ளூர் டாக்டர் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி அப்படியே நின்றது. "நீர் கோத்துகினு இருக்கு. இது இங்க பாக்கற வேலையில்ல. பட்டணம் போங்க" என்றார். அப்போது எங்கள் ஊர் ஆந்திராவில் சேர்ந்திருந்தது. அவர் கொடுத்த சீட்டில் எல்லாம் தெலுங்கு. ரயிலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குள் சரியாகிவிடுமா என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே ஒரு டாக்டரம்மா. முதல் நாள் ஜெகதாவின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஸ்பிரிட் விளக்கில் சுட வைத்து என்னிடம் காட்டினார். தண்ணீராக இருந்தது மேலே மேலே வெளுத்து, தயிர் மாதிரி உறைந்தது.

"இதுதான் அல்புமின் (இரத்தத்தில் இருக்க வேண்டிய சத்து, முட்டையின் வெள்ளைக்கருவில் இருப்பது போன்றது). வெளியே போகக் கூடாது. உங்க பொண்ணுக்குச் சிறுநீரகம் (இடுப்புக்குப் பின்னால் இரண்டு பக்கமும் அவரை விதை வடிவில் இருந்து இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு) கெட்டுப்போய், அது ஒழுகுது. அதனாலதான் வீக்கம். எதனால கெட்டுதுன்னு கண்டுபிடிக்கணும்" என்றார்.

பிறகு ஜெகதாவைக் கேட்டார். "முகத்துக்கு ஸ்நோ, களிம்பு ஏதாவது பூசறியாம்மா?"

"இல்லீங்க. மலைச் சந்தனம் மட்டும்தாங்க. அம்மா பூசும்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு நான்கு நாள் போயிற்று. வயிற்றிலும் நீர் சேர்ந்து, அவளால் படுக்க முடியவில்லை. தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். சந்தனக் கிண்ணம் என் துணிப் பைக்குள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரக்கூடும் என்று, வார்டிலும் இரண்டு காலை அதை எடுத்துப் பூசினேன். இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் டாக்டரம்மா அவள் ஈறைப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின.

"ஜெகதா, அந்தச் சந்தனத்தைக் கொஞ்சம் கொடு. பரிசோதனைக்கு அனுப்பறேன்."

"ஐயோ, அது சாமி சந்தனங்க. அதப் போயி சந்தேகப்படக் கூடாதுங்க" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சாமிக்காகப் பேசினாள். "எங்க அம்மாவக் கேளுங்க."

பையிலிருந்து கிண்ணத்தை எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினேன்.

"அதுல சாமி சந்தனம் மட்டும் இல்லீங்க" என்றேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. என்ன களிம்பு, எத்தனை மாதம், டப்பா எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டார். "ரசம்னு சொன்னாங்கன்னா அது பாதரசம் (ஜுரம் பார்க்கிற குழாய்க்குள் ஓடும் வெள்ளித் திரவம்). தோல் வழியா உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிமே ஒரு சொட்டு படக் கூடாது. நிறுத்திட்டோம்னா சிறுநீரகம் தானாத் தேற வழியிருக்கு. பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார்.

அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். ஜெகதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீக்கத்தில் அவள் கண் இரண்டும் கோடு போலத்தான் தெரிந்தன.

"குருக்கள் சொன்னாருன்னியே."

நான் அவள் போர்வையை இழுத்துவிடப் போனேன்.

"நான் கண்ண மூடிகினு முருகா முருகான்னு இருந்தேன். நீ களிம்பு பூசிகினு இருந்த."

பிறகு நர்ஸைக் கூப்பிட்டாள். "எங்க நைனாவ வரச் சொல்லுங்க. இவங்க இங்க வேணாம்."

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்றவள். 'இவங்க' என்று அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன்.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது. பார்வை நேரத்தில் மட்டும் அவர் உள்ளே போவார். மற்ற நேரத்தில் நர்ஸுகள் பார்த்துக்கொண்டார்கள். நான் வெளியே நடையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருந்தால் அவள் கட்டிலின் கால்மாடு தெரியும். முகம் தெரியாது, பாதம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விஷயம் தெரிந்த அன்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோள்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "என் நெறம் உனக்கு அவ்ளோ வெறுப்பா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பூ வாடிவிட்டதா என்று கேட்பது போலக் கேட்டார். இருபது வருஷம் அந்தக் கையால் கட்டிய மல்லிகையைத் தலையில் வைத்துக்கொண்டவள் நான்.

வைத்தியம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இதை மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நகராமல் படுக்கை. உப்பு துளியும் இல்லாத சாப்பாடு. குடிக்கிற தண்ணீரையும் போகிற நீரையும் அளந்து எழுதுவது. தினம் காலையில் கண்ணாடிக் குழாயைச் சுட வைத்து, எவ்வளவு உறைகிறது என்று பார்ப்பது. உப்பில்லாச் சாப்பாட்டை நோயாளி தள்ளிவிடுவார்கள். எலுமிச்சம் பழம் பிழிந்து கொடுங்கள், இறங்கும். மோரில் சீரகம் போடலாம். ஆசைப்பட்டுக் கேட்கிறார்களே என்று ஒரு துண்டு ஊறுகாய் கொடுத்தால் ஒரு வாரப் பாடு வீண்.

எலுமிச்சம் பழம் வாங்கி வந்தது நான். பிழிந்து கொடுத்தது அவர். அவளிடம் சொல்லவில்லை.

மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நான் முருகனிடம் வாய்விட்டு வேண்டவும் முடியாமல் இருந்தேன். அவன் பெயரை நான் எதற்குப் பயன்படுத்தினேன் என்று எனக்கும் அவனுக்கும் தெரியும். நாலாவது வாரம் ஒரு காலை, கதவு வழியே பார்த்தபோது அவள் பாதத்துக்கு மேலே சின்னதாக ஒரு மேடு தெரிந்தது. கணுக்கால் எலும்பு. எழுந்து நின்று பார்த்தேன். போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு தினமும், பார்வை நேரம் முடிந்து அவர் வெளியே வரும்போது கேட்பேன், "முகம் எப்படி கீது?" என்று. "கொறயுது" என்பார். ஒருநாள் தானாகவே வந்து, "கன்னத்து எலும்பு தெரியுதுமே" என்றார். அந்த எலும்பு தெரியக் கூடாது என்று நான் அவளை எத்தனை படி பால் குடிக்க வைத்திருப்பேன். அன்றைக்கு நடையில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

இரண்டரை மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வாசலில் வண்டி ஏறும்போதுதான் அவள் முகத்தை முழுதாகப் பார்த்தேன். ஒட்டி, கண்ணைச் சுற்றி முன்னைவிடக் கறுத்து, அவள் நைனா மாதிரியே இருந்தாள். அந்தக் கன்னத்தை ஒருமுறை தொட வேண்டும் என்று என் கை போயிற்று. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பள்ளிப்பட்டுக்காரர்கள் ஒருநாள் பார்க்க வந்தார்கள். அத்தை உள்ளே எட்டிப் பார்த்து, "நாங்க அன்னிக்குப் பாத்த பொண்ணு இது இல்லியே" என்றாள்.

ஜெகதா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "அன்னிக்கு நீங்க பாத்தது வியாதிங்க. பொண்ணு இதுதாங்க" என்றாள்.

அவள் நைனா வாய்விட்டுச் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் போனார்கள்.

அடுத்த வருஷம், வாத்தியார் வேலைக்கு டிரெய்னிங் படிக்கிறேன் என்று அரக்கோணம் போய்விட்டாள். அங்கேயே விடுதி. மாதக் கடைசி சனிக்கிழமை வருவாள், ஞாயிறு சாயங்கால வண்டிக்குப் போய்விடுவாள். அவள் சோப்பு தனி, அவள் துவாலை தனி. அவள் குடிக்கும் தண்ணீரை அவளே எடுத்துக்கொள்வாள். பேசாமல் இருக்க மாட்டாள். "கடையில கூட்டமா?", "மழ பேஞ்சிதா?" என்று கேட்பாள். நான் சமைத்ததைச் சாப்பிடுவாள். ஆனால் நான் கை நீட்டிக் கொடுத்தால் வாங்க மாட்டாள். "வெச்சிடு" என்பாள். கீழே வைத்த பிறகு எடுத்துக்கொள்வாள்.

ஒரு வருஷம் நான் மலையேறவில்லை. பிறகு ஒருநாள் ஏறிப்போய்க் குருக்களிடம் நடந்ததைச் சொல்லி, என்ன பரிகாரம் செய்யலாம் என்று கேட்டேன். அவர் பூக்கூடையை வாங்கி வைத்துவிட்டு, "எங்கிட்ட சொல்றியே, பொண்ணுகிட்ட சொன்னியோ?" என்றார்.

"டாக்டருகிட்ட சொன்னப்ப அவ அங்கதான் இருந்தா சாமி."

"அது டாக்டர்கிட்ட சொன்னதுதானே" என்று சொல்லிவிட்டு அர்ச்சனைக்குப் போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் அவள் வந்தபோது சொன்னேன். எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன், வந்தது இவ்வளவுதான்: "ஜெகதா, உன் நெறத்தப் பாத்து நான் வெக்கப்பட்டேன். அதுக்கு சாமி பேரச் சொல்லி உன்ன ஏமாத்தினேன். தப்பு."

அவள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "ஆங்" என்றாள். எழுதுவதை நிறுத்தவில்லை.

இந்த வியாதி போன பிறகும் வருஷக்கணக்கில் சிறுநீரைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அவள் தவறாமல் பட்டணம் போய்ப் பார்த்துக்கொள்கிறாள். இப்போது குழாயில் உறைவதில்லை. எனக்கும் ஒன்று மாறியிருக்கிறது. முன்பெல்லாம் யாரைப் பார்த்தாலும் முதலில் நிறம்தான் கண்ணில் படும். இப்போது கணுக்காலைப் பார்க்கிறேன், கண்ணுக்குக் கீழே பார்க்கிறேன். பூ வாங்க வருகிற பெண்களிடம், "காலையில மூஞ்சி வீங்குதாம்மா?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் முறைத்தால் பேசாமல் பூவை அளக்கிறேன். முன்பு ஒவ்வொரு நாளும் அவளுக்கு வயது ஏறுகிறதே என்று கழிந்தது. இப்போது மாதத்துக்கு ஒன்றரை நாள்தான் எனக்கு நாள்.

சென்ற மாதம் வந்தபோது அவளுக்கு நல்ல தலைவலி. சாப்பிடாமல், ஞாயிறு மத்தியானம் பாயைப் போட்டுப் படுத்துவிட்டாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து உதிரிப் பூ கட்டிக்கொண்டிருந்தேன்.

"ரொம்ப வலிக்குதா? தைலம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினேன்.

"ஒண்ணும் பூச வேணாம்."

"பூசலம்மா."

ஒரு முழம் கட்டி முடித்தேன். கண்ணைத் திறக்காமலே, "கையக் கழுவிகினு வா" என்றாள்.

கிணற்றடிக்குப் போய்ச் சீயக்காய் போட்டு இரண்டு தடவை கழுவினேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"காட்டு."

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கண்ணைத் திறந்து பார்த்தாள். ஒரு கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பிறகு அதைத் தன் நெற்றிமேல் வைத்துக்கொண்டாள்.

"அமுக்காத. சும்மா வெச்சிகினு இரு."

வைத்திருந்தேன். நெற்றி சுட்டது. உள்ளங்கைக்குக் கீழே ஒரு நரம்பு துடித்தது. அந்தத் தோலை அத்தனை வருஷம் தேய்த்திருக்கிறேன். அதற்குள் இப்படி ஒன்று துடிக்கிறது என்பது அதுவரை என் கைக்குத் தெரியாது. அவள் ஏற வேண்டிய சாயங்கால அரக்கோணம் வண்டி ஸ்டேஷனில் ஊதிவிட்டுப் போயிற்று. வெகுநேரம் கழித்து ரேணிகுண்டா வண்டி வந்து நின்று போயிற்று. என் கை முதலில் கனத்தது, பிறகு மரத்தது, பிறகு அது யாருடையது என்றே தெரியவில்லை. தூங்கிவிட்டாளா என்று நான் குனிந்து பார்க்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.